காதால் வாசித்த வருடம்

2024 டிசம்பர் 8, ஞாயிறு

வருடக் கடைசியில் டைரியின் பின்பக்கத்தில், அந்த ஆண்டு பிடித்த ஐந்து புத்தகங்களை எழுதி வைப்பேன். கல்லூரிக் காலத்துப் பழக்கம். இன்று மத்தியானம் உட்கார்ந்து மூன்று பெயர் எழுதினேன். மூன்றையும் அடித்தேன்.

காரணம் அம்மாதான். சர்க்கரை அவளுடைய விழித்திரையில் கை வைத்துவிட்டது. ஆள் அடையாளம் தெரியும், எழுத்து தெரியாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தவளுக்கு இது சாதாரண விஷயமில்லை. பிப்ரவரியிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். அதற்குமேல் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அடித்த மூன்றில் ஒன்று, எல்லோரும் கொண்டாடிய புது நாவல். ஜனவரியில் தனியாகப் படித்தபோது நானும்தான் கொண்டாடினேன். மார்ச்சில் அம்மாவுக்கு வாசித்தால், ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறது. நாலாம் நாள் அம்மா கேட்டாள்: "இதுல யாருட்டி பேசுதா?" மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அப்படியானால் எது நின்றது? முதலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வந்த புத்தகம். நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்தது. இந்த வருடப் பட்டியலில் பழைய புத்தகமா என்று கேட்டால், ஆமாம், அதுதான்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. கி.ரா.வின் இடைசெவல் அவளுக்கு பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர். நான் மதுரையில் வளர்ந்தவள். கரிசல் பேச்சை நான் வாசிக்கும் விதம் அவளுக்குச் சகிக்கவில்லை. ஒரு வரிக்கு ஒரு திருத்தம். கி.ரா. 1982இல் கரிசல் வழக்குச் சொல்லகராதியே போட்டிருக்கிறார் என்று சொன்னேன். "அவரு போடட்டும், நீ ஒழுங்கா வாசி" என்றாள்.

அந்த ஊருணிக் கட்டம் வந்தது. வழிநடந்து வந்த கர்ப்பிணி தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். காதுப் பாம்படத்துக்கு ஆசைப்பட்ட திருடன் அவளைத் தண்ணீருக்குள் மிதித்து அமுக்குகிறான். உயிர் போகிற நேரத்தில் அவன் கால்விரலை அவள் கடித்த கடி விடவே இல்லை. தனியாகப் படித்த இரண்டு தடவையும் அடுத்து என்ன என்று ஓடியிருக்கிறேன். வாய்விட்டு வாசிக்கும்போது ஓட முடியாது. அந்த விரல் நம் வாயிலேயே இருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளுடைய ஆச்சியின் பாம்படம் எத்தனை பவுன், யார் யாருக்குப் பங்கு போனது என்று ஆரம்பித்து, பழைய சொத்துச் சண்டை ஒன்றைப் பதினொரு மணி வரை சொன்னாள்.

137 வயசு மங்கத்தாயாரு அம்மாளை அவள் சந்தேகப்படவில்லை. தப்பி ஓடி வந்தவர்கள் ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுத்ததையும் சந்தேகப்படவில்லை. நான்தான் லேசாகச் சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெற்கே பேய்மழை, தாமிரபரணியில் வெள்ளம் என்று செய்தி. இங்கேயும் ஈரக்காற்று. வாசலில் வைத்த அகலில் பாதி நிற்கவில்லை. வாசிப்பு இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

‘அம்மா வந்தாள்’ பற்றி எழுதாமல் இந்தப் பட்டியல் முடியாது. ஆனால் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தி. ஜானகிராமனைச் சத்தமாக வாசிப்பது சுகம். யார் பேசுகிறார்கள் என்று சொல்லவே வேண்டாம், பேச்சே ஆளைக் காட்டிவிடும். என் குரல் தன்னாலேயே மாறிக்கொண்டு போனது. வேதபாடசாலை முடித்து அப்பு வீடு திரும்பும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. அலங்காரத்தம்மாள் வந்த பிறகுதான் வினை. அந்த வீட்டுக்கு வந்துபோகும் சிவசு யார், கடைசிப் பிள்ளைகள் யார் சாயல் என்று மகனுக்குப் புரிகிற இடம். பெற்ற தாய் எதிரே உட்கார்ந்திருக்க, அதை எப்படி வாசிப்பது? மெதுவாக ஒரு பக்கத்தைத் தாண்டினேன்.

"நடுவுல என்னத்தையோ முழுங்கிட்ட."

"இல்லம்மா."

"எனக்குக் கண்ணுதான் தெரியல."

திரும்பிப் போய் வாசித்தேன். முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். முடித்ததும் அம்மா அலங்காரத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுடைய கோபமெல்லாம் வேறு இடத்தில். ஒரு மகனை வேதம் படிக்க வைத்து, அவனைக் கொண்டு தன் கணக்கைத் தீர்க்க நினைத்தாளே, அது தப்பு என்றாள். "பிள்ளைகிட்டயா கடன் அடைப்பாக?" இருபது வருடமாக அந்த நாவலைத் தாம்பத்தியம், துரோகம், சுதந்திரம் என்று பேசிக்கொண்டு திரிந்தவள் நான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

1966இல் வந்த புத்தகம். அம்மாவுக்கு அப்போது பதிமூன்று வயது. வீட்டில் தெரிந்திருந்தால் கையில் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

டிசம்பர் 18, புதன்

இந்த வருட சாகித்திய அகாதெமி விருது ஆ. இரா. வேங்கடாசலபதிக்கு. ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடவில்லை. ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். வ.உ.சி. என்றதும் "நம்ம ஒட்டப்பிடாரத்துக்காரரு" என்றாள், விருதே ஊருக்கு வந்த மாதிரி.

டிசம்பர் 21, சனி

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சத்தமாக வாசித்தால் சப்பென்று இருக்கும் என்றுதான் நினைத்தேன். சின்னச் சின்ன வாக்கியம். எங்கும் குரலை உயர்த்த இடமில்லை. பதினைந்து பக்கத்துக்குப் பிறகுதான் புரிந்தது, மூச்சு வாங்குவதற்கு அவர் சரியாக இடம் விட்டிருக்கிறார். தொண்டை கட்டாத ஒரே புத்தகம் இதுதான்.

ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு அலைவதை மே மாதத்தில் வாசித்தோம். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய். ஒரு ராத்திரி பாதி வாசிப்பில் தண்ணீர் வந்துவிட்டது. புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மோட்டார் போட ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா இருட்டில் அப்படியே இருந்தாள். "டீச்சரம்மா அடுத்தால என்ன சொன்னா?" பதினைந்து வயதில் நாற்பத்தைந்து வயது இருமல்காரருக்கு வாழ்க்கைப்பட்ட கதையை டீச்சரம்மா ஜமுனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. எத்தனை பெரிய துயரத்தை எவ்வளவு கம்மியான சத்தத்தில் சொல்லிவிட்டுப் போகிறார் மனுஷன்.

டிசம்பர் 22, ஞாயிறு

பூமணியின் ‘வெக்கை’ நாவலை மறந்துவிட்டேனே. அவரும் கோவில்பட்டிப் பக்கம்தான். அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தை அம்மா டிவியில் பார்த்திருந்ததால் சண்டைக்காகக் காத்திருந்தாள். கையை மட்டும் வெட்ட நினைத்த பதினைந்து வயதுப் பையன் ஆளையே கொன்றுவிட்டு ஓடுகிறான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து, சமைத்து, தின்று, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். "எப்ப சண்ட வரும்?" என்று இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் முதல் அவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள். பட்டியலில் சேர்க்கலாமா என்று இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது மனசுக்கு நெருக்கம், எனக்கு நடுவில் கொஞ்சம் தொய்வு.

டிசம்பர் 26, வியாழன்

மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் நேற்றிரவு போய்விட்டார். குறிஞ்சிவேலன் தமிழில் கொண்டுவந்த அவருடைய ‘இரண்டாம் இடம்’ பரணில் இருந்தது. இறக்கித் தூசி தட்டினேன். பீமன் சொல்கிற பாரதம் என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜனவரிக்கு என்று எடுத்து வைத்தாயிற்று.

டிசம்பர் 29, ஞாயிறு

நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டது. அங்கே போன தோழி போனில் பட்டியல் கேட்கிறாள், பத்து சதவீதக் கழிவை விடாதே என்கிறாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்றைக்கு நாவல் இல்லை, ஒரு சிறுகதை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. இவரும் இடைசெவல்காரர், கி.ரா.வின் சேக்காளி. பிள்ளைகள் மேல் உயிராக இருக்கிற ஒருத்தர், அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவருவார், சேர்ந்து விளையாடுவார். டைரி கொடுக்கிற நேரத்தில் சாரங்கன் என்கிற பையனுக்கு மட்டும் கிடைக்காது. அவன் அழுவதில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசாரம் செய்துவிட்டு, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்.

கடைசி வரியை என்னால் வாசிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசித்தேன்.

அம்மா கேட்டது இதுதான்: "அந்தப் பயலுக்கு என்ன வயசு இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை, சின்னப் பையன்தான் என்றேன். எனக்குத் தம்பி ஒருத்தன் உண்டு, பெங்களூரில் இருக்கிறான். மறுபேச்சில்லாமல் அவனுக்குப் போன் போடச் சொன்னாள். பத்தரை மணிக்கு. என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தான் அவன். "சும்மாதான்" என்றாள்.

2025 ஜனவரி 1, புதன்

எழுதிவிட்டேன். கோபல்ல கிராமம், அம்மா வந்தாள், தண்ணீர், அன்பளிப்பு. ஐந்தாவதாக ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’.

இதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. அதை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அவள் தூங்கிய பிறகு அக்டோபர் முழுக்கத் தனியாகப் படித்தேன். மேடான், பினாங்கு, ஜப்பான் படை, குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழிக்கிற பேச்சு. இந்தோனேசியாவிலிருந்து திரும்பி, இதே மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ.வில் ஒற்றையாளாக அறை எடுத்துத் தங்கி வாழ்ந்த மனிதர் எழுதியது. 1972இல்தான் புத்தகமாக வந்தது. அந்த வாக்கியங்கள் கண்ணுக்கு எழுதியவை, வாய்க்கு வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உண்மையில், ஒரு புத்தகமாவது எனக்கே எனக்கு என்று இருக்கட்டும் என்றும் இருந்தது.

காலையில் காப்பி குடிக்கும்போது பட்டியலை வாசித்துக் காட்டினேன். நாலு பெயருக்குத் தலையாட்டினாள். ஐந்தாவதில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது எப்ப வாசிச்ச?"

"அது... சும்மா, ஆபீஸ்ல."

"எம்புட்டுப் பக்கம்?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்."

"முந்நூறு பக்கம் ஆபீஸ்லயா வாசிச்ச? வெக்கைய விட்டுட்டு இத எழுதியிருக்க." கொஞ்ச நேரம் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். "பீமன் இருக்கட்டும். ராத்திரிக்கு இத மொதல்ல இருந்து ஆரம்பி."

சாப்பாடு முடிந்து எட்டே முக்காலுக்கு உட்கார்ந்தோம். முதல் அத்தியாயத்தின் தலைப்பு ‘கெர்க் ஸ்ட்ராட்’. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அது எந்த ஊருத் தெருட்டி?" என்றாள் அம்மா.