மாவளி: மூன்றாவது குழியில் வந்த கரி

பனங்கதிர்க் கரித்தூளைத் துணிப் பொட்டலமாக்கி, கங்கு வைத்துக் கயிற்றில் கட்டிச் சுற்றினால் பொறி பூவாகச் சிதறும்; அதுதான் மாவளி. சிறுவயதில் ஒரு கார்த்திகை விடாமல் மாவளி சுற்றியிருக்கிறேன். ஆனால் கரி சுட்டது அப்பா, பொட்டலம் தைத்தது அம்மா. எனக்குச் சுற்ற மட்டுமே தெரியும் என்பது, பேரன் வந்து மாவளி கேட்டபோதுதான் உறைத்தது.

2024இல் முதன்முதலாகச் செய்து பார்த்தேன். கரியை அரைத்து உப்பும் கலந்து, சாக்கில் கட்டிக் கொல்லையில் வைத்திருந்தேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் விழுப்புரம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. டிசம்பர் 13, தீபத்தன்று என் மாவளி புகைந்ததோடு சரி. பேத்தி திண்ணையிலேயே காத்திருந்து தூங்கிப்போனாள். அது என்னை மிகவும் வருத்தியது.

இந்த முறை பங்குனியிலேயே தொடங்கினேன். மாவளிக்கு ஆண் பனையின் பூக்கதிர்தான் வேண்டும். ஆண் பனை காய்க்காது. விரல் விரலாகக் கதிர் விட்டு, பூ உதிர்ந்ததும் அது காய்ந்து கீழே விழும். பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரை வழியாக வந்து தினமும் ஓர் அணைப்பு பொறுக்கி வருவேன். எல்லாம் பரணில் ஏறியது.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, முழ ஆழத்தில் குழி வெட்டி முதல் சூளை போட்டோம். கதிர்கள் முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். மண் தள்ளுவதற்குள் எல்லாம் சாம்பல். அடுத்த வாரம் அந்தப் பயத்தில் சீக்கிரமே மூடிவிட்டேன். உள்ளே பழுப்பு நிறத்தில் பாதி வெந்த கட்டைகள், தூளாக்கினால் நாறும் புகை.

மூன்றாவது குழியில்தான் பக்குவம் பிடிபட்டது. கொழுந்து அடங்கி, கதிர் எல்லாப் பக்கமும் சிவந்து, ஆனால் உருக்குலையாமல் நிற்கும் நேரம் ஒன்று வருகிறது. அப்போதே ஈர வாழைச்சருகைப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் சாம்பல், படாவிட்டால் கரி, அவ்வளவுதான். புகை கசியும் ஓட்டைகளைப் பேரன் சுற்றிச் சுற்றி வந்து சேறு வைத்து அடைத்தான். இரவு முழுக்க விட்டு மறுநாள் காலையில் தோண்டினோம். கதிர் மூங்கில் குச்சி போல் இலேசாக, கன்னங்கரேலென்று, ஒடித்தால் ‘டிக்’ என்றது. அறுபது வருடத்துக்கு முன் அப்பாவின் கையில் கேட்ட அதே ஒலி.

சமையலறை அம்மியைத் தொடக் கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிணற்றடியில் கிடந்த பழைய அம்மியில் அரைத்தோம். பேத்தி சலித்தாள். இரண்டு பிள்ளைகளையும் தேய்த்துக் குளிப்பாட்ட மருமகளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஆனாலும் பொட்டலத் துணியைத் தையல் இயந்திரத்தில் தைத்துக் கொடுத்தது அவள்தான். முதலில் பாலியஸ்டர் கலந்த பழைய சட்டைத் துணியில் ஒன்று செய்தேன்; அது உருகிச் சொட்டியது, ஆபத்து. பழைய பருத்தி வேட்டி மட்டுமே உதவும். ஒரு சாண் நீளம், இரண்டு கட்டைவிரல் பருமன்.

உப்புதான் எனக்குப் பெரிய பாடம். கல்லுப்புப் பொடி சேர்த்தால் பொறி படபடவென்று வெடிக்கும். ஆனால் அடைமழைக் காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். சென்ற ஆண்டு கெட்டதற்குப் புயல் மட்டும் காரணமில்லை. இந்த ஆண்டு வெறும் கரித்தூளை முறுக்கு டின்னில் போட்டு, அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தோம். தீபத்தன்று மாலையில்தான் நான்கு கைப்பிடித் தூளுக்கு அரைக் கைப்பிடி உப்பு கலந்தேன். இறுக்கித் திணித்தால் கங்கு அணைகிறது, தளர்த்தினால் தூள் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. விரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும்.

பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் பொட்டலத்தைச் செருகிக் கட்டி, நீளக் கயிறு பிணைத்தேன். வாசலில் அகல் விளக்குகளை மனைவி வரிசையாக ஏற்றி முடித்திருந்தாள். கூரை வீடுகளிலிருந்து விலகி, நனைந்த களத்துக்குப் போனோம். உச்சியில் கங்கு வைத்து ஊதிவிட்டு முதலில் நான் சுற்றினேன். நாலைந்து சுற்றுவரை ஒன்றுமில்லை. பிறகு காற்றுப் பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் வட்டமாகப் பொன் பூக்கள் சிதறின. பேரன் வாயே திறக்கவில்லை. பேத்தியின் மணிக்கட்டை என் கையால் பிடித்தபடி அவளையும் சுற்றவைத்தேன். மூன்று பொட்டலம் தீர்ந்த பிறகுதான் பொரி உருண்டைக்கு வந்தார்கள்.

டின்னில் இன்னும் பாதித் தூள் இருக்கிறது. ஏரிக்கரையில் ஆண் பனை மூன்றுதான் மிச்சம் என்பதால், ஆவணியில் பொறுக்கிய பனங்கொட்டைகளை அங்கேயே ஊன்றியிருக்கிறோம். ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அடுத்த ஐப்பசியில் குழியை எப்போது மூடுவது என்று தான்தான் சொல்வேன் என்கிறாள் பேத்தி.