பைட் அரேயிலிருந்து முழு எண்: ஒரு பிஎன்ஜி கோப்பை வைத்துப் படியுங்கள்

ரஸ்ட் நிரல்மொழி படிக்கும்போது, பைட் அரேயிலிருந்து (பைட்டுகளின் வரிசையிலிருந்து) முழு எண்ணை எடுக்கும் பகுதி எனக்கு நன்றாகப் பிடிபட்டது ஒரு பிஎன்ஜி படக்கோப்பைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தபோதுதான். தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ தயாராகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: விடை முன்பே தெரிந்த கோப்பில் பழகுங்கள்.

எந்த பிஎன்ஜியானாலும் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. அடுத்த நான்கு 0, 0, 0, 13. அதுதான் முதல் பகுதியின் நீளம். அந்தப் பகுதியில் படத்தின் அகலத்துக்கு 4 பைட், உயரத்துக்கு 4, பிட் ஆழம், நிற வகை, சுருக்க முறை, ஃபில்டர், இன்டர்லேஸ் ஆகியவற்றுக்குத் தலா 1. கூட்டிப் பாருங்கள், 13 வரும். பிக் எண்டியனாக, அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வருவதாகப் படித்தால்தான் இந்த 13. லிட்டில் எண்டியனாக, அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வருவதாகப் படித்தால் 21,81,03,808! இரண்டையும் கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எனவே வரிசை எது என்பதைக் கோப்பின் விவரக்குறிப்பில் பார்த்து முடிவு செய்யுங்கள்; உங்கள் கணினி எந்த வகை என்பதற்கு இங்கே வேலையே இல்லை. பிஎம்பி, வேவ் கோப்புகள் லிட்டில் எண்டியன்.

ஆயத்தச் செயற்கூறுகளைத் தொடும் முன் ஒருமுறை ஷிஃப்ட் வைத்துக் கையால் எழுதிவிடுங்கள். முதல் பைட்டை 24 பிட் இடப்பக்கம் தள்ளி, அடுத்ததை 16, அதற்கடுத்ததை 8, கடைசியை அப்படியே விட்டு நான்கையும் 'ஆர்' செய்ய (பிட் பிட்டாக இணைக்க) வேண்டும். தள்ளுவதற்கு முன்பே ஒவ்வொரு பைட்டையும் 32 பிட் குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) எண்ணாக மாற்றுவது கட்டாயம். 8 பிட்டுக்குள் 24 இடம் எப்படித் தள்ள முடியும்? சி மொழியிலும் இதே முறை பாதுகாப்பானது. அங்கே பைட்டின் முகவரியைக் காட்டும் பாயின்டரை முழு எண்ணுக்கான இன்ட் பாயின்டராக காஸ்ட் செய்யும் (வகை மாற்றும்) குறுக்குவழியைப் பலர் காட்டுவார்கள். அலைன்மென்ட் (அந்த வகைக்கு ஏற்ற நினைவக முகவரி) சரியில்லாவிட்டால் அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று மொழி உறுதி தராது. அந்தப் பழக்கமே வேண்டாம்.

இதற்குப் பிறகு ரஸ்ட்டின் 'ஃப்ரம் பிஇ பைட்ஸ்', 'ஃப்ரம் எல்இ பைட்ஸ்' இரண்டும் தாமாகவே புரியும் (பிஇ பிக் எண்டியன், எல்இ லிட்டில் எண்டியன்). 2019 ஜனவரியில் வந்த 1.32 பதிப்பிலிருந்து இவை மொழியுடனேயே கிடைக்கின்றன. இவை கேட்பது சரியாக நான்கு பைட் கொண்ட அரேயை. உங்கள் கையில் இருப்பதோ ஸ்லைஸ், அதாவது பைட் வரிசையின் ஒரு துண்டைப் பார்க்கும் குறிப்பு. ஸ்லைஸின் நீளம் நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்பதால், நடுவில் 'ட்ரை இன்டு' (நீளம் பொருந்தினால் அரேயாக மாற்றித் தருவது) தேவைப்படுகிறது. பலர் அங்கே 'அன்ராப்' (தோற்றால் நிரலையே நிறுத்திவிடுவது) போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் நிரல் விழுவது அதற்கும் முந்தைய படியில்: 8 முதல் 12 வரை (12 சேராது) என்று நேரடியாக வெட்டும்போது கோப்பு சிறியதாக இருந்தால் அங்கேயே பானிக், அதாவது நிரல் பிழையோடு நின்றுவிடும். 'கெட்' பயன்படுத்தினால் 'நன்' (மதிப்பு இல்லை என்ற விடை) கிடைக்கும், பிழையை நிதானமாகக் கையாளலாம்.

குறியையும் மறக்காதீர்கள். 255, 255 என்ற இரண்டு பைட்டுகள் குறியற்ற 16 பிட்டில் 65535, குறியுள்ள 16 பிட்டில் -1. பயிற்சியாக அந்த பிஎன்ஜியின் முதல் பத்து பைட்டுகளை மட்டும் வேறொரு கோப்பில் சேமித்து உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். பானிக் ஆகாமல், கோப்பு முழுமையாக இல்லை என்று அது சொல்ல வேண்டும்.