யார் எழுதிய வரி இது?

இணையதளங்கள் உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளின் நிரலில் ஒரு வரி புரியவில்லை. யார் எழுதியது என்று பார்க்கலாமென காலையில் கிட் பிளேம் போட்டேன். நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி கிட்; ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் அதன் கட்டளை பிளேம்.

2022 பிப்ரவரி, நிரலை ஒரே சீராக அடுக்கும் பிளாக் என்ற கருவியை வைத்து வடிவம் மாற்றிய கமிட், அதாவது பதிவான மாற்றம்.

அடுத்த வரி? அதே கமிட். அதற்கடுத்ததும் அதேதான்.

அன்று மொத்த நிரலையும் பிளாக் கருவியிடம் கொடுத்து ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார்கள். ஒற்றை மேற்கோள்குறிகள் இரட்டையாகின, வரிக்கு 88 எழுத்து என்றானது, நிரல் செய்யும் வேலை மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகளும் சேர்ந்து மறையுமே, அந்த மாதிரி.

நல்லவேளை, கோடுகள் அழியவில்லை. அந்த கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறார்கள். இதைத் தாண்டிப் பார் என்று கிட்டிடம் சொன்னால் போதும். 2019இல் வந்த வசதி, எனக்கு இன்றுதான் தெரியும்!

எரிச்சல் போய்விட்டது. நான் அனுப்பும் பேட்ச்களில், அதாவது நிரல் திருத்தங்களில், "இங்கே ஓர் இடைவெளி விடுங்கள்" என்று முன்பெல்லாம் ஒரு மனிதர் சொல்வார், எனக்கு சுருக்கென்று இருக்கும். இப்போது அதையே கருவி சொல்கிறது, சரி என்று திருத்திவிட்டுப் போகிறேன்.

அப்புறம், அந்த வரியை எழுதியவர் கிடைத்துவிட்டார். ஏன் எழுதினார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.