குதிரைக்குச் சினை ஊசி: கோலாலம்பூரில் நாங்கள் பட்ட பாடு

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். குதிரைக்கு வெளிநாட்டிலிருந்து உறைவிந்து வரவழைத்துப் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கவும். எங்களுக்கு முதல் தடவை வந்த சரக்கு அப்படியே வீணாய்ப் போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சுங்கை பூலோ பக்கம் எங்கள் லாயத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தோரோபிரட் (பந்தயக் குதிரை இனம்) பெட்டை ஒன்று இருக்கிறது. தடை தாண்டும் போட்டிக்கு ஏற்ற ஐரோப்பியப் பொலிகுதிரையின் குட்டி அதற்குப் பிறக்க வேண்டும் என்பது ஆசை. (பந்தயக் குட்டி வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. குதிரைகள் நேரடியாக இணைந்து பிறந்த குட்டியைத்தான் தோரோபிரட் பதிவேட்டில் சேர்ப்பார்கள்.) பொலிகுதிரையைத் தேர்ந்தது, பெர்மிட் எடுத்தது, பணம் கட்டியது எல்லாம் சுமுகமாகவே முடிந்தது.

சிப்பாங் விமான நிலையச் சரக்கு முனையத்தில்தான் வினை. சான்றிதழில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தன. ஆனால் விந்தை உறையவைத்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. அனுப்பியவர்களிடமிருந்து திருத்தக் கடிதம் வராமல் பெட்டியை விடமுடியாது என்றார் கவுண்டரில் இருந்தவர். அன்று வெள்ளிக்கிழமை மாலை. அங்கே அலுவலகம் திறந்து கடிதம் வரும் வரை விந்து இருந்த எங்கள் தொட்டி ஒரு மூலையில் சாய்த்துக் கிடத்தப்பட்டிருந்தது. நிமிர்த்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். உள்ளேதான் திரவம் எதுவும் இல்லையே, சாய்ந்தால் என்ன என்றார்.

அந்த வகைத் தொட்டியில், விந்தை உறைநிலையில் வைக்கும் திரவ நைட்ரஜன் தளும்பிக்கொண்டு இருக்காது. சுவரில் இருக்கும் பஞ்சு போன்ற பொருள் அதை உறிஞ்சி வைத்திருக்கும். அதனால்தான் விமானத்தில் ஏற்றுகிறார்கள். சாய்த்துப் போட்டால் நைட்ரஜன் வேகமாக ஆவியாகிவிடும்.

அது போதாதென்று, கடிதம் வந்த பிறகு விந்து அடைத்த குச்சியில் அச்சடித்த எழுத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். ஒருவர் குச்சிகள் இருந்த குவளையை முழுசாக வெளியே தூக்கினார். அரை மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சிகள். அதைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். நான் பதறியதும், "இன்னும் கட்டியாத்தானே இருக்கு" என்றார்கள்.

கட்டியாக இருப்பதில் ஒன்றும் இல்லை. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் வரை விந்தணு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அந்தக் குளிருக்குப் போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும்தான் அது சாகிறது. உறையும்போது முதலில் வெளியே இருக்கும் நீர் பனியாகிறது, மிச்ச நீரில் உப்பு ஏறுகிறது, அது அணுவுக்குள் இருக்கும் நீரை இழுத்து அதைச் சுருங்க வைக்கிறது. இந்த அடியைத் தாங்கத்தான் கிளிசராலும் முட்டை மஞ்சள் கருவும் கலக்கிறார்கள். உருகும்போது நீர் திரும்ப உள்ளே பாய்ந்து, மேல்சவ்வு கிழிகிறது. நடுவில் குச்சி கொஞ்சம் சூடேறிவிட்டால், பார்வைக்குக் கல்லாக இருக்கும்போதே பொடிப் பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி அணுவைக் குத்திவிடும். திரும்பக் குளிரில் வைத்தாலும் போனது போனதுதான்.

எங்கள் கால்நடை டாக்டரம்மா ஒரு குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்கி, மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நூற்றுக்கு முப்பதாவது நேராக நீந்த வேண்டும் என்பது பொதுவான அளவு. இங்கே ஏதோ ஒன்றிரண்டுதான் நீந்தின. மற்றவை வால் மடங்கி, இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. சில பொலிகுதிரைகளின் விந்து இயல்பாகவே உறைவைத் தாங்காது. அதனால் அதே தொகுப்பை அனுப்பிய இடத்தில் உருக்கிப் பார்த்த பதிவைக் கேட்டு வாங்கினோம். அங்கே நன்றாகத் தேறியிருந்தது.

ஒரு நல்ல காரியம், பெட்டைக்கு அதுவரை ஹார்மோன் ஊசி போடவில்லை. குச்சியைச் சோதிக்காமல் ஊசி கிடையாது என்று டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். நீங்களும் அப்படியே இருங்கள்.

அடுத்த தடவை குச்சியில் இருக்கும் எழுத்தைப் படம் பிடித்து முன்கூட்டியே அனுப்பச் சொன்னோம். சான்றிதழின் நகலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தொட்டி அங்கிருந்து கிளம்பியது. நைட்ரஜன் நிரப்பிய எடையைத் தொட்டியின் மேலேயே எழுதச் சொன்னோம். இங்கே இறங்கியதும் தராசில் வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். திறக்காதே, சாய்க்காதே என்று மலாயில் பெரிய எழுத்தில் ஒட்டவும் செய்தோம். அதே கவுண்டர்தான். படத்தைப் பார்த்துவிட்டு, மூடியைத் தொடாமலே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வாலைத் தூக்கிட்டா தம்பி, டாக்டரைக் கூப்பிடு" என்று, பெட்டை பருவத்துக்கு வந்ததை முதலில் சொன்னது எங்கள் மூத்த சைஸ் (குதிரை பராமரிப்பவர்) மாமா. கருமுட்டை வளரும் நீர்ப்பை 35 மில்லிமீட்டர் தாண்டியதும், முட்டையை வெளிவரச் செய்யும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி. புதிய விந்து குதிரையின் வயிற்றில் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்கும். உருக்கிய விந்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம்தான் ஆயுசு. அதனால் இரவும் பகலும் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நீர்ப்பை வெடித்து முட்டை வெளிவந்தது தெரிந்ததும் குச்சியை உருக்கினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லாமே ஈரம். உருக்கிய குச்சியை நன்றாகத் துடைத்த பிறகே வெட்ட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் அணு உப்பி வெடிக்கும். ஏர்கான் அறையில் கிடந்த, விந்தைச் செலுத்தும் பிப்பெட்டையும் அப்படியே எடுத்துவிடக்கூடாது, அதுவும் 37 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும்.

சினை பிடித்துவிட்டது. ஸ்கேனை 14ஆம் நாளே செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். குதிரைக்கு இரட்டைக் கரு ஆபத்து. 16ஆம் நாள் வாக்கில் கரு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு முன்னால் பார்த்தால்தான் ஒன்றைச் சுலபமாக நீக்க முடியும். எங்களுக்கு ஒற்றைக் கருதான். இனி 25 நாள் தாண்டி இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், அதற்கும் டாக்டரம்மாவிடம் தேதி வாங்கியாச்சு.