சவர அலகின் விளிம்பில் தெரியும் காற்று

சென்ற சனிக்கிழமை இரவு, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கற்பூரம் கொளுத்தினேன். பழைய தொலைநோக்கியிலிருந்து கழற்றிய குழிவாடியின் வளைவு மையத்தருகே சிறிய எல்.ஈ.டி. விளக்கும், அதன் விம்பம் விழுமிடத்தில் சவர அலகும், அலகுக்குப் பின்னால் கைத்தொலைபேசியும் இருந்தன. அலகு விம்பத்தின் பாதியை மறைத்ததும், சுவாலைக்கு மேலெழுந்த சூடான காற்று கருமையும் வெண்மையுமாகச் சுருண்டு திரையில் தெரிந்தது. “இதென்னடா, காத்தே தெரியுது?” என்றார் அம்மா.

1864 இல் ஓகஸ்ட் டெப்லர் விளக்கிய ஷ்லீரன் முறை இதுதான். காற்றின் அடர்த்தி மாறுமிடத்தில், அது ஒளியை வளைக்கும் அளவான முறிவுச் சுட்டியும் மாறுவதால் கதிர்கள் சற்றே வளைகின்றன. அவற்றிற் சில அலகில் தடைப்படுகின்றன, சில தப்பிச் செல்கின்றன. எர்ணஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஹரும் துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அலையை ஒளிப்படமாக 1887 இல் வெளியிட்டது இவ்வழியிலேயே.

மாக் எண் 5 ஐத் தாண்டிய, அதாவது ஒலியின் ஐந்து மடங்குக்கு மேலான வேகத்தில் மாதிரிகள் மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும், காற்றுச் சுரங்கத்தில் தேடப்படுவது இன்னும் நுண்ணியது. கூம்பு மாதிரியின் மேற்பரப்பை ஒட்டிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள காற்றுப் படலமான எல்லைப் படைக்குள் ஒலியலைகள் சிறைப்பட்டு வளர்ந்து, இறுதியில் அடுக்கடுக்காக ஒழுங்காய் ஓடும் அருவிக்கோட்டுப் பாய்ச்சலைக் கொந்தளிப்பாக மாற்றிவிடுகின்றன. அதனால் மேற்பரப்பை வந்தடையும் வெப்பம் பல மடங்காகிறது. படத்தில் இவ்வலைகள் முறுக்கிய கயிறு போலத் தெரியும். பட்டத்தில் பூட்டிய விண் காற்றில் கூவுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பாய்ச்சல் ஒலியெழுப்புவது புதிதன்று. ஆனால் இவற்றின் மீடிறன் சில நூறு கிலோ ஹேர்ட்ஸ், மனிதச் செவிக்கு எட்டாதது.

இதைச் சொன்னதும் எல்லோரும் கமராவின் வேகத்தையே கேட்கிறார்கள். என் எண்ணத்தில் அது இரண்டாவது கேள்வி. அலைநீளம் படைத் தடிப்பின் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 2 மில்லிமீற்றர் என்றும், அலையின் வேகம் செக்கனுக்கு 800 மீற்றர் என்றும் கொண்டால், ஒரு மைக்ரோசெக்கனில் அது 0.8 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். அவ்வளவு நேரம் ஒளிபட்டால் கயிறு கலங்கிய பட்டையாகிவிடும். 20 நனோசெக்கன் நீடிக்கும் லேசர்த் துடிப்பில் நகர்வு 0.016 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே கயிற்றின் முறுக்கைக் காட்டுவது ஒளியின் குறுக்கம். கமராவின் வேகம் அது வளர்வதைத் தொடர்ந்து பார்க்க உதவுகிறது.

இன்னொரு தொல்லை சுரங்கத்திலேயே உண்டு. அதன் சுவர்களில் கொந்தளிக்கும் எல்லைப் படையின் இரைச்சல் மாதிரியின் மீது விழுந்து, பறப்பில் நேர்வதற்கு முன்னரே கொந்தளிப்பைத் தூண்டிவிடும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலுள்ள மாக் 6 அமைதிச் சுரங்கத்தில், காற்றை வேகப்படுத்தும் தாரைக்குழாயின் உட்சுவரைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, அதன் மிக ஒடுங்கிய இடமான தொண்டைக்குச் சற்று முன்பாகவே சுவரோரக் காற்றை உறிஞ்சி அகற்றுகிறார்கள். விறாந்தையில் என்னால் மின்விசிறியை மட்டுமே நிறுத்த முடிந்தது.