மொட்டைமாடியில் ஒரு ஃபியூஸ்லாஜ்

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட என் கிளைடருக்கு (ரேடியோவில் ஓட்டும், என்ஜின் இல்லாத மாதிரி விமானம்) ஒரு மீட்டர் நீள ஃபியூஸ்லாஜை, அதாவது உடல்பகுதியை, பால்சா என்ற லேசான மரத்தில் செதுக்கி, பிரைமர் அடித்து வைத்திருந்தேன். இதை வைத்து மோல்ட் (அச்சு) எடுத்து, அதில் கண்ணாடி இழையால் பாடி செய்வதுதான் திட்டம். 400-இல் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தால் வெளிச்சக் கோடு மூக்கிலிருந்து வால் வரை உடையாமல் ஓடவேண்டும். வால் பக்கம் ஓரிடத்தில் நெளிகிறது. இந்த நெளிவை விட்டால் மோல்டிலும் வரும், அதில் எடுக்கும் ஒவ்வொரு பாடியிலும் வரும். நாளைக்கு மறுபடி தேய்க்கவேண்டும்.

மே 11, ஞாயிறு

காசிமேடு போனேன். கட்டுமரங்களின் இடத்துக்கு ஃபைபர் படகுகள் வந்ததிலிருந்து, கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பு), அதை இறுக வைக்கும் ரெசின் என்ற பிசினும் நன்றாகத் தெரிந்தவர்கள் கடற்கரையில்தான் இருக்கிறார்கள். படகுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, “இழுக்காத தம்பி, குத்து. இழுத்தா துணி நகரும், காத்து உள்ள மாட்டிக்கும்” என்றார். அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து குத்தினேன். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும் என்று இரண்டு முறை எச்சரித்தார். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

மே 15, வியாழன்

படகுக்குப் போடும் அதே பாலியெஸ்டர் ரெசினில் மோல்டின் இரண்டு பாதியும் முடிந்தன. ஒரு வாரம் காயட்டும்.

மே 24, சனி

பாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மோல்டில் வேக்ஸ் ஐந்து கோட், அதன்மேல் பி.வி.ஏ. படலம். அதுவரை சரி. பாடிக்கு எபாக்சி என்ற வேறு வகை ரெசின், அதை இறுக வைக்க ஹார்டனர். மதியம் இரண்டு மணிக்கு 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர் என்று மொத்தத்தையும் ஒரே கப்பில் கலந்துவிட்டேன். துணியை நனைக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் கப் கையில் சுட்டது. அப்புறம் புகை. எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். கப்பில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, இறுகுவது இன்னும் வேகமாகும். வெட்டிவைத்த துணி பாதி வீண். மனசே சரியில்லை.

நல்ல வேளை, மிச்சத் துணியை வெட்டும்போது அம்மா பார்த்தார். ஜாக்கெட் தைத்துப் பழகிய கை. “வளைவுக்கு நேரா வெட்டினா சுருங்கும்டா, கிராஸா வெட்டு” என்றார். 45 டிகிரியில் வெட்டிய கண்ணாடித் துணி மூக்கின் வளைவில் ஈரத்துணி மாதிரி படிந்துகொண்டது!

மே 25, ஞாயிறு

விடிகாலை நான்கரைக்கே மாடிக்குப் போய்விட்டேன். ஒரு தடவைக்கு 20 கிராம்தான், அதுவும் அகலமான தட்டில். வெளியே 50 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 50 கிராம்) துணி ஒரு அடுக்கு, உள்ளே 160 இரண்டு அடுக்கு. வால் மூலையில் முதலிலேயே பஞ்சுத்தூள் கலந்த ரெசினைத் தடவிவிட்டேன். பிறகு குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பாதியும் முடிந்தன.

மே 31, சனி

ஓரங்களைச் சீவி, மோல்டை மூடி போல்ட் போட்டேன். குச்சி முனையில் பிரஷ்ஷைக் கட்டி, உள்ளே இணைப்பு நெடுக கிளாஸ் டேப் ஒட்டினேன்.

ஜூன் 1, ஞாயிறு

போல்ட்டைக் கழற்றி, ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்பைத் தட்டினேன். டக்கென்று விட்டது. எடை 168 கிராம். கார்பன் போட்டிருந்தால் இன்னும் விறைப்பாக இருந்திருக்கும், ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும். கண்ணாடி இழை மறைக்காது, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா உள்ளேயே இருக்கலாம். ராத்திரி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பாடி முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது, துணியின் நெசவு கூடத் தெரிந்தது. வால் அருகே ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.