டேப்லெட்டில் முதலில் பேசியது நாங்கள்தான்

என் மகனுக்கு ஆட்டிசம். ஐந்து வயதிலும் பேச்சு வரவில்லை. வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். நமக்குப் புரியாவிட்டால் தன் கையையே கடித்துக்கொள்வான்.

ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் தொடங்கியது பெக்ஸ். 1985-இல் அமெரிக்காவில் உருவான முறை. பிள்ளை படத்தை எடுத்து நம் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும். லேமினேட் செய்த அட்டைகள், பின்னால் வெல்க்ரோ. சீக்கிரமே பிடித்துக்கொண்டான். ஆனால் அட்டைகள் பெருகியதும் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் டேப்லெட்டில் ஆவாஸ் (Avaz) செயலிக்கு மாறினோம். சென்னையில் உருவானது, தமிழும் உண்டு. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லும்.

"இதைக் கையில கொடுத்துட்டா அப்புறம் வாயைத் திறப்பானா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான பயம்தான். இப்படிப்பட்ட கருவிகள் பேச்சைத் தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது என்று ஆய்வுகள் சொல்வதைத் தெரபிஸ்ட் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். கூடவே எங்களுக்கு ஒரு கட்டளை: "அவனை அழுத்தச் சொல்லாதீங்க. நீங்க படத்தை அழுத்திப் பேசுங்க, பார்த்துக் கத்துப்பான்."

இதுதான் கஷ்டமான பகுதி. சாப்பாடு போடும்போது வாயால் "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே 'தண்ணி', 'குடி' இரண்டையும் தொட வேண்டும். பஸ் ஸ்டாப்பிலும் அப்படியே. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவனோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வாரக்கணக்கில் டேப்லெட்டில் பேசியது நாங்கள் மட்டுமே.

அப்புறம் ஒருநாள் 'கொசு' என்று அழுத்தினான். அன்று முழுக்க கொசு, கொசு, கொசு. பிடுங்கி வைத்துவிடலாமா என்று இருந்தது. கைக்குழந்தை மழலையில் உளறிப் பழகுவது போலத்தான் இதுவும், விடுங்கள் என்றார் தெரபிஸ்ட். விட்டோம்.

முதல் பக்கத்தில் சாப்பாட்டுப் படங்களோடு 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது' மூன்றையும் வைத்தோம். எதையாவது கேட்க மட்டுமே சொல் கொடுத்தால் பிள்ளை மறுப்பை எப்படிச் சொல்லும்? தலைக்கு எண்ணெய் என்றதும் 'வேண்டாம்'. சரி, எண்ணெய் இல்லை. ஊசிக்கும் 'வேண்டாம்'. அதை விட முடியாது. ஆனாலும் "வேண்டாம்னு சொல்றே, கேட்டுச்சு கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போடவைத்தோம். கையைக் கடிப்பது குறைந்தது இதற்குப் பிறகுதான்.

சில நடைமுறை விஷயங்கள். பேசும் டேப்லெட்டில் யூடியூப் வேண்டாம். செயலியை விட்டு வெளியே போகாதபடி ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' (பழையவற்றில் 'ஸ்க்ரீன் பின்னிங்'), ஐபேடில் 'கைடட் ஆக்ஸஸ்' இருக்கிறது. பட்டன்களை இடம் மாற்றாதீர்கள். விரல் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது.

பள்ளியில் டேப்லெட் பைக்குள்ளேயே கிடந்தது. உடைந்துவிடும், மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள் என்றார்கள். ரப்பர் கவரும் தோளில் மாட்டும் பட்டையும் போட்டுக் கொடுத்தோம். முதல் பக்கத்தை அப்படியே அச்செடுத்து லேமினேட் செய்து மேசையில் ஒட்டினோம். சார்ஜ் போனாலும் பேச்சு நிற்காது. மற்ற பிள்ளைகள் கேட்கத்தான் செய்தார்கள். ஒருத்தி 'விளையாடு' பட்டனைத் தானே கண்டுபிடித்து அவனைக் கூப்பிட்டாள். நாங்கள் செய்ததைத்தான் அவளும் செய்தாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

இன்னொன்று: சேர்த்த சொற்களை அவ்வப்போது பேக்கப் எடுத்து வையுங்கள். எங்கள் டேப்லெட் மாடிப்படியில் விழுந்து நொறுங்கியது. பேக்கப் இருந்ததால் புதியதில் அதே இடங்களில் அதே பட்டன்கள் வந்துவிட்டன, கொசு உட்பட.